டெரிக் அண்ணனுக்கு நாங்கள் கொடுத்த சீட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. திருத்தி அச்சில் ஏற்றுகிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் இன்னும் மோசம். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரியில் வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டி போடும் பேக்கரி ஒன்றில் எனக்கு அடுப்படி வேலை. எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்தது. நான் இங்கே பிறந்தவன். அத்தை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அத்தை மகன் செல்வம் கம்பளையில் டயர் கடை வைத்திருக்கிறான். இளவட்டமாக இருந்தபோது என் அக்காள் கல்யாணத்துக்கு வந்தவன், எனக்கு ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போனான். டெரிக் அருள் என்ற கண்டிக்காரர் மின்சாரக் கிட்டாரை வைத்துக்கொண்டு தமிழில் பாடிய ராக் பாட்டுகள். தன்னிடமிருந்த கேசட்டுகளிலிருந்து நல்ல பாட்டுகளாகப் பொறுக்கி, எனக்கென்று பதிந்து கொண்டுவந்திருந்தான்.

முப்பது வருடமாக அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டுதான் மாவு பிசைகிறேன். அதிலும் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு இருக்கிறதே, அதற்கு நானே ‘கடைசி பஸ்’ என்று பெயர் வைத்திருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டவன் மழையில் நடந்தே காதலி வீட்டுக்குப் போகிற பாட்டு. அதைக் கேட்டு எத்தனையோ விடியற்காலையில் கண் கலங்கியிருக்கிறேன். டெரிக் அருள் மேடையில் நின்று அதைப் பாட, நான் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை.

போன ஆடி மாதம் செல்வம் போன் செய்தான். “மச்சான், டெரிக் அண்ணே கண்டியில கடைசியா ஒரு ஷோ பண்றாரு. இதோட மேடைக்கு முழுக்காம். பொறப்பட்டு வந்துருங்க.”

எங்கிருந்து தைரியம் வந்ததோ, முதலாளியிடம் லீவு கேட்டுவிட்டேன்.

கம்பளையில் முதல் விடியற்காலையே என்னை எழுப்பியது ஒரு பாட்டுத்தான். தெருவில் சாவி கொடுத்த இசைப் பெட்டி போல ஒரு மெட்டு கேட்டது. கோயில் திருவிழாவோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி கட்டிய ஆட்டோ ஒன்று நின்றது. உள்ளே பாணும் பணிஸும் அடுக்கியிருந்தன. பாண் என்பது ரொட்டி, பணிஸ் என்பது பன். மெட்டுக் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஆட்கள் இறங்கி வருகிறார்கள். எங்கள் ஊரில் வர்க்கியைத் தேடி ஆட்கள் கடைக்கு வர வேண்டும். இங்கே கடையே பாடிக்கொண்டு ஆட்களிடம் வருகிறது. மீன் வைத்த பணிஸ் ஒன்று தின்றேன். முக்கோணமாக மடித்து, உள்ளே மிளகும் உருளைக்கிழங்கும் மீனும் வைத்துச் சுட்டிருந்தார்கள். அடுப்புச் சூடு கொஞ்சம் அதிகம். ஆனாலும் இரண்டாவதும் தின்றேன்.

நான் கொண்டுபோன வர்க்கியைச் செல்வத்தின் மனைவி ராணி பால் விடாத பிளேன்டீயில் தோய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இவருக்குக் குடுக்காதீங்க. டெரிக் அண்ணே பாட்டக் கேட்டாலே இவருக்கு வயிறு நெறஞ்சிரும்.”

“பொம்பளைக்கு என்னா தெரியும் ராக்க பத்தி,” என்றான் செல்வம்.

“இருவத்தெட்டு வருஷமா காதுக்குப் பஞ்சு வச்சிக்கிட்டுக் கேக்குறேன். எனக்குத் தெரியாதா?”

மறுநாள் கண்டிக்குப் போனோம். அந்தத் தனியார் பஸ்ஸில் ஏறினால் கச்சேரிக்குள் ஏறியது போல இருந்தது. டிரைவர் தலைக்கு மேலே டிவி, அதைச் சுற்றிக் கலர் விளக்கு, காதைப் பிளக்கும் சிங்களப் பாட்டு. முன்னால் ஓர் இருக்கை காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். செல்வம் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தான். பேராதனையில் ஒரு பிக்கு ஏறினார். பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. கண்டக்டர் என் தலைக்குப் பின்னால் கையைக் காட்டினார். ‘மதகுருமாருக்கு’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. பதறி எழுந்ததில் மடியில் இருந்த வர்க்கி டின் உருண்டு, பிக்குவின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

“உள்ள என்னா இருக்குன்னு கேக்குறாரு,” என்று செல்வம் பின்னாலிருந்து கத்தினான். திறந்து காட்டினேன். அதற்குள் கண்டியே வந்துவிட்டது.

குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிஸாம் நானாவின் குடைக்கடை. நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். நிஸாம் நானா செல்வத்தின் சிறுவயதுச் சிநேகிதர். இருவரும் டெரிக் அண்ணனின் பரம ரசிகர்கள். ஆனால் வேறு வேறு கட்சி. செல்வம் கேசட் கட்சி. பாட்டு என்றால் ஸ்டூடியோவில் பதிந்ததுதான் என்பான். நிஸாம் நானா மேடைக் கட்சி. கண்ணெதிரே பாடாதது பாட்டே இல்லை என்பார். கடைக்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டல் மாடியில்தான் இவர்கள் கூட்டம் நடக்கும். அங்கே ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. நாங்கள் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர் தர்ஷினி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வங்கி அதிகாரி. சண்டை முற்றினால் அவர்தான் மேசையைத் தட்டுவார்.

பரிமாறுகிறவர் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை எல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். விருந்தாளிக்கு வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தேன். பேசாமல் இருக்கவும் அது நல்ல சாக்கு.

அதற்குள் விவாதம் சூடு பிடித்துவிட்டது.

“கேசட்டுல கேக்கிறது ஐஸ்ல போட்ட மீன் மச்சான்,” என்றார் நிஸாம் நானா. “மேடைல கேக்கிறதுதான் துள்ளுற மீன்.”

“துள்ளுற மீனத் திங்க முடியுமா?” என்றான் செல்வம். “சமைச்சாத்தானே திங்கலாம். ‘மூன்றாம் வளைவு’ அல்பத்த மாசக்கணக்கா ஸ்டூடியோவுல இருந்து சமைச்சிருக்காரு மனுஷன்.”

“அந்த அல்பத்தில வாற கிட்டார்த் துண்டை அவர் மேடையில ஒருக்காலும் ஒரே மாதிரி வாசிச்சதில்லை,” என்றார் தர்ஷினி மிஸ். “அதுதானே அழகு.”

“அது அழகு இல்ல மிஸ், மறதி.”

“மாத்தளை ஷோவ மறந்துட்டியா?” நிஸாம் நானா எழுந்தே விட்டார். “கரண்ட் போச்சு. மைக் இல்ல. மனுஷன் மேடைய விட்டு எறங்கி வந்து, சனத்துக்கு நடுவுல நிண்டு பாடினார். நான் முன் வரிசைல ஈக்கிறேன். எந்தக் கேசட்டுல ஈக்குது அது?”

“மாத்தளை ஷோவுக்குப் போனேன்னு சொல்றவங்க எல்லாரும் நெசமாவே போயிருந்தா, அன்னைக்கு மாத்தளையில நிக்க எடம் இருந்திருக்காது.”

மாடியே சிரித்தது. நானும் கட்லட்டோடு சிரித்தேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தர்ஷினி மிஸ் எனக்கு விளக்கினார். வேறு ஊர்களில் டெரிக் அண்ணன் தன் விருப்பத்துக்குப் பாடுவார். சொந்த ஊரான கண்டியில் மட்டும் ஒரு வழக்கம். ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அதில் இருக்கிற பாட்டு எதுவானாலும் அன்றைக்கு அந்த மேடையில் பாடப்படும். ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒரு வருடமாவது ஒத்துப்போயிருக்கிறார்களா என்றால், இல்லை. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு போய், மேடையில் அவரிடம் கேலி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

“இந்த முறைதான் கடைசி, அண்ணை,” என்றார். “இனி எங்களுக்குச் சீட்டு இல்லை. இண்டைக்கும் அடிபட்டுக்கொண்டு இருந்தமெண்டால் அவ்வளவுதான்.”

சீட்டை வாங்க டெரிக் அண்ணனின் டிரம்ஸ்காரர் வந்து கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். செல்வத்துக்கு ‘மூன்றாம் வளைவு’ அல்பத்தின் தலைப்புப் பாட்டு வேண்டும். நிஸாம் நானாவுக்கு ‘ஈரச் சட்டை’ வேண்டும். செல்வம், “அதுல கீபோர்ட்காரரு கல்யாண வீட்டுக்கு வந்தவரு மாதிரி வாசிப்பாரு,” என்றான். மறுபடியும் கூச்சல்.

தர்ஷினி மிஸ் மேசையைத் தட்டினார். “கேளுங்கோ! இந்த அண்ணை இந்தியாவிலயிருந்து வந்திருக்கிறார். எந்தக் கட்சியும் இல்லை. அவர் சொல்லுற பாட்டை எழுதுவம். சரியோ?”

“சரி,” என்றார்கள் எல்லோரும். நான் கடைசி ரோல்ஸை அவசரமாக விழுங்கினேன். அத்தனை கண்களும் என் மேல். வாழ்நாள் ஆசையே கையில் வந்து விழுகிறது. வாய் திறந்தால் போதும்.

“கடைசி பஸ்,” என்றேன்.

எழுதக் குனிந்த தர்ஷினி மிஸ் நிமிர்ந்தார்.

“அது எந்த அல்பம்?” என்று கேட்டார் ஒருவர். “அப்படி ஒண்டு இல்லையே,” என்றார் தர்ஷினி மிஸ். பெயர் நான் வைத்தது என்பது அப்போதுதான் உறைத்தது. பாடிக் காட்டச் சொன்னார்கள். காலியான தட்டைப் பார்த்துக்கொண்டே பாடினேன்:

“கடைசி பஸ்ஸும் போயிருச்சு,
கால்நடையா வாறேன்டி;
கம்பளைக்கு நாலு கட்ட,
கதவ மட்டும் சாத்தாத…”

கட்டை என்றால் அங்கே மைல். நிமிர்ந்து பார்த்தேன். செல்வம் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் எதையுமே தின்றிருக்கவில்லை.

நிஸாம் நானா மேசையைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவருக்கு மூச்சு அடைக்கிறதோ என்று பயந்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறார்.

“செல்வம், இங்க வாடா! ஒளியாத! இது டெரிக் அண்ணட பாட்டில்ல. இது இவன்ட பாட்டு! எங்கட வாப்பாட கடைக்கு மேல, குடைப் பெட்டிக்கு நடுவுல வச்சுப் பதிஞ்சது. கிட்டார் நான்!”

செல்வம் ஈரக் கையோடு திரும்பி வந்தான். “கேசட்டுல கடைசில கொஞ்சம் எடம் மிச்சம் இருந்துச்சு மச்சான்,” என்றான் என்னிடம், மெதுவாக. “சும்மா விட மனசு வரல. நீங்க கேட்டிட்டு, ‘இது யாரு’ன்னு ஒரு கடிதாசி போடுவீங்கன்னு நெனச்சேன். போடல.”

குரல் வேறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கடிதம் எழுதவும் எனக்குக் கூச்சம். கையெழுத்தைப் பற்றித்தான் சொன்னேனே.

நிஸாம் நானா சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். செல்வம் அதைப் பிடித்தான். “வேணாம். அவரு கடைசி ஷோ. இருக்கிறது ஒரே ஒரு சீட்டு. எம்பாட்ட எழுதி நாசமாக்காதீங்க.” நானும், தெரியாமல் சொல்லிவிட்டேன், வேறு பாட்டு எழுதுங்கள் என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், செல்வத்தைத் தவிர. “பாட்டுக்காரன்ட கையெழுத்து வேண்டாம்,” என்று தீர்ப்புச் சொன்னார் தர்ஷினி மிஸ். சீட்டு டிரம்ஸ்காரரோடு போய்விட்டது.

இறங்கி வரும்போதுதான் தெரிந்தது, அங்கே தட்டில் வைப்பதையெல்லாம் தின்ன வேண்டியதில்லை. தின்றதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்களாம். “இந்தியாவுல சாப்பாட்டுக் கஷ்டமோ?” என்று பரிமாறுகிறவர் செல்வத்திடம் இரக்கமாக விசாரித்திருக்கிறார்.

அன்று மாலை கண்டி ஏரியைச் சுற்றி நடந்தோம். செல்வம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். ஊட்டி ஏரியில் படகுச் சத்தம்தான் அதிகம். இங்கே தண்ணீரும் மரமும் கொக்குமாக அமைதியாக இருந்தது. எனக்கு மட்டும் அமைதி இல்லை. டெரிக் அண்ணன் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, தெரியாத பாட்டு என்று கசக்கிப் போட்டால்? இந்த மனிதர்கள் இத்தனை காலம் சண்டை போட்டுக் காத்திருந்த ஒரே பாட்டு என்னால் போய்விடும். செல்வத்துக்கு ஊர் முழுக்கத் தலைகுனிவு. விருந்துக்கு வந்தவன் செய்கிற காரியமா இது?

நிகழ்ச்சி குண்டசாலையில், ஒரு மண்டபத்தில், மறுநாள் பிற்பகல். வயதாகிவிட்டதால் டெரிக் அண்ணன் இருட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவாராம். நிஸாம் நானா தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார். ராணியும் வந்தார், கைப்பையில் பஞ்சோடு.

திரை விலகியது. மேடையில் டெரிக் அண்ணனேதான். நரைத்த தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு உயரக் கதிரையில் உட்கார்ந்து பாடினார். குரலில் பழைய உயரம் இல்லை. உயரப் போக வேண்டிய இடத்தில் கிட்டாரை அனுப்பிவிட்டு அவர் கீழே காத்திருந்தார். செல்வமும் நிஸாம் நானாவும் பாட்டுக்குப் பாட்டு முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். “கேசட்டுல இந்த எடம் எப்படி இருக்கும்!” “பொத்திட்டுக் கேளு!”

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். செல்வம் முன் இருக்கைக்குக் கீழே செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

“கண்டிக்காரங்க கடைசியில ஒரு பாட்டுல ஒத்துப் போயிட்டீங்க,” என்றார் டெரிக் அண்ணன். கைதட்டல். கண்ணாடி போட்டுப் படித்தார். “அதுவும் நான் பாடாத பாட்டுல!”

சிரிப்பு.

“இந்த மாதிரி ஒரு பாட்டு நான் பாடுனதே இல்ல. ஆனா சீட்டுல வந்தா இந்த மேடையில பாடியாகணும், அதுதான் நம்ம வழக்கம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஏறி வாங்க.”

நிஸாம் நானா செல்வத்தின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். செல்வம் என் கையைப் பிடித்தான். “மச்சான், ரெண்டாவது சரணம் எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்ல.” எனக்கு அது முழுதும் தெரியும். அவன் கையை விடவில்லை. அப்படித்தான் நானும் மேடை ஏறினேன். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டேன்.

“என்ன சுருதி?” என்று கேட்டார் டெரிக் அண்ணன்.

“அத பாடுறவன்ட கேக்கணும் அண்ணே,” என்றார் நிஸாம் நானா, இன்னொரு கிட்டாரை மாட்டிக்கொண்டே. “வழியில ரெண்டு மூணு மாத்துவான்.”

செல்வம் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். குரல் நடுங்கியது. ஆனால் அதே குரல். என் அடுப்படிக் குரல். இரண்டாவது சரணத்தை நான் பெட்டிக்குப் பின்னாலிருந்து வரி வரியாக எடுத்துக் கொடுத்தேன்: சப்பாத்துக்குள்ளே, அதாவது ஷூவுக்குள்ளே, தண்ணீர் வந்து பாடுகிறது, பாலத்தில் நின்றால் அவள் வீட்டு விளக்குத் தெரிகிறது. டெரிக் அண்ணனின் கிட்டார் அவன் போன இடமெல்லாம் கூடவே போனது. மண்டபம் தாளம் போட ஆரம்பித்தது. “வாசலுக்கு வந்துட்டேன், வாயடச்சு நிக்கிறேன்” என்று முடித்துவிட்டு, செல்வம் அடுத்த வரிக்காக என்னைப் பார்த்தான்.

நான் கையை விரித்தேன். என் கேசட்டில் அந்த இடத்தோடு நாடா தீர்ந்துவிடும். அதற்கு மேல் பாட்டு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறவனை நினைத்துத்தான் இத்தனை வருடம் மாவில் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

டெரிக் அண்ணன் ஒரு சுற்று வாசித்தார். இன்னொரு சுற்றும் வாசித்தார். திடீரென்று செல்வத்தின் முகம் மலர்ந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டான்:

“கதவு தொறந்துதான் இருக்குதடி,
ஒங்கப்பாதான் நிக்கிறாரு!”

மண்டபம் வெடித்தது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். டெரிக் அண்ணன் கிட்டார் மேல் கவிழ்ந்து சிரித்தார். நான் பெட்டிக்குப் பின்னால் வாயைப் பிளந்து நின்றேன். முப்பது வருடமாக நான் அழுதது ஒரு சிரிப்புப் பாட்டுக்கு!

திரும்பும்போது வேனில் ராணிதான் முதலில் பேசினார். பாட்டில் வருகிற காதலி அவர்தான்; தன் அப்பாவும் அதில் நிற்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. “நாலு கட்ட நடந்தாராம்! பாதி வழி லொறில வந்தாரு. எங்கப்பாதான் தொடைக்கத் துண்டு குடுத்தாரு. அத பாட்டுல காணோம்.”

“எது எப்படியோ, மேடைல பாடினதுதான் சூப்பர்,” என்றான் கேசட் கட்சிச் செல்வம்.

“என்ன கதைக்கிற!” என்றார் மேடைக் கட்சி நிஸாம் நானா. “குடைப் பெட்டிக்கு நடுவுல நான் வாசிச்ச கிட்டார் இங்க எங்க ஈக்குது? கேசட்டுதான்!”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிஸாம் நானா ரோட்டைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கேசட்டுதான்,” என்றேன். “அவன் வாசல்லயே நிக்கணும். அப்பா வந்ததும் பாட்டு கெட்டுப்போச்சு.”

“கெட்டுப்போச்சா?” செல்வம் முழுதாகத் திரும்பினான். “சனம் எப்படிச் சிரிச்சுச்சு, பாத்தீங்கதானே?”

“சிரிக்கிறதுக்கா அவன் அத்தன தூரம் நனைஞ்சு வந்தான்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேராதனைப் பாலம் போனது. கெலிஓயா போனது. நான் விடவில்லை. செல்வம் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொன்னேன், முன் இருக்கையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். “எங்கப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே,” என்று ராணி பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கம்பளை வந்து வேன் நின்ற பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

கோத்தகிரி,
கார்த்திகை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.